எம்.டி. முதியோர் மருத்துவம்: எடுக்கலாமா, வேண்டாமா?

#1 வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். அக்கா மகள் எம்பிபிஎஸ் முடித்து, நீட் பிஜியும் எழுதிவிட்டாள். ரேங்க் பிரமாதமில்லை, மோசமுமில்லை. கவுன்சிலிங்கில் எதை எடுப்பது என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து. அவளுக்கு எம்.டி. ஜெரியாட்ரிக்ஸ், அதாவது முதியோர் மருத்துவம்தான் வேண்டுமாம். அத்தான் ஒரே பிடியாக நிற்கிறார்: "குழந்தைக்குத் தனி டாக்டர் சரி, கிழவனுக்கு எதுக்குத் தனி டாக்டர்? சுகருக்கு ஒருத்தர், ஹார்ட்டுக்கு ஒருத்தர், மூட்டுக்கு ஒருத்தர்னு இருக்காங்களே, இவ போய் எதைப் பார்க்கப் போறா?"

எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கே மருத்துவத் துறையில் இருப்பவர்கள் சிலர் உண்டு என்பதால் கேட்கிறேன். இந்தத் துறைக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறதா? பெரிய மனசு வேண்டும், சேவை மனப்பான்மை வேண்டும் போன்ற பதில்கள் வேண்டாம். அவை வாட்ஸப்பில் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன.

#2 பொடிநடை

எனக்கு 74 வயது, அதனால் பேசத் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். பிபிக்கு ஒருவர், புராஸ்டேட்டுக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர் என்று மூன்று டாக்டர்களிடம் போகிறேன். நாலாவதாக இன்னொருவரா? பென்ஷனில் பாதி கன்சல்டேஷன் ஃபீஸுக்கே போகும். வயதானால் சில பாகங்கள் தேயத்தான் செய்யும். அதற்கு எம்.டி. படித்து வந்து என்ன செய்துவிட முடியும்? உங்கள் அத்தான் பக்கம் என் ஓட்டு.

#3 ஸ்டெதஸ்கோப்பு

நான் இந்த எம்.டி.யை முடித்தவன், ஓர் அரசு மருத்துவமனையில் வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொடிநடை ஐயா, உங்களையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாமா? பிபி மாத்திரை ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். புராஸ்டேட்டுக்குத் தரும் மாத்திரைகளில் ஒரு வகையும் அழுத்தத்தைக் குறைக்கும். இரண்டு டாக்டரும் அவரவர் அளவில் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் பிபியை உட்கார வைத்துத்தானே பார்த்தார்கள்? படுத்திருந்தவரை எழுப்பி நிற்க வைத்து, மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம். விடியற்காலையில் பாத்ரூமுக்கு எழுந்து போகும்போது விழுகிறவர்களில் பலருக்கு இதுதான் கதை. விழுந்தால் இடுப்பு எலும்பு, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் படுக்கை. எந்த ஸ்பெஷலிஸ்ட்டின் அறையிலும் இந்த விழுகை முன்கூட்டியே தெரியாது, ஏனென்றால் அது ஓர் உறுப்பின் நோய் அல்ல.

எங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது. நோய்களின் பட்டியலை விட, ஆள் என்ன செய்ய முடிகிறது என்பதை முதலில் பார்ப்போம். தானாகக் குளிக்கிறாரா, கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்குகிறாரா, போன வருஷம் விழுந்தாரா, எடை குறைந்திருக்கிறதா, காது கேட்கிறதா, தூக்கம் எப்படி, மனசு எப்படி, வீட்டில் யார் இருக்கிறார்கள், எத்தனை மாத்திரை. முதல் தடவை வருகிறவருக்கு முக்கால் மணி நேரம் கூட ஆகும். ஓபியில் கூட்டம் முட்டும்போது அவ்வளவு நேரம் தர முடிவதில்லை, அது வேறு கதை.

இன்னொன்று. முதியவர்களுக்கு நோய், புத்தகத்தில் இருக்கிற மாதிரி வராது. காய்ச்சலும் இருமலும் இல்லாமலே நிமோனியா வரும். திடீரென்று சாப்பிட மறுப்பார், அல்லது நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று மகளையே யார் என்று கேட்பார். வீட்டில் "வயசாச்சு, புத்தி தடுமாறுது" என்று விட்டுவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியத்தால் போன உயிர்கள் நிறைய.

இது வெளிநாட்டில் இருந்து நேற்று வந்த ஃபேஷனும் இல்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்குத் தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996ல் வந்த எம்.டி. ஜெரியாட்ரிக்ஸ்தான் இந்தியாவிலேயே முதல். 2012ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் ஊரில் தொடங்கிய துறையைப் பற்றி நம் ஊரிலேயே இப்படி ஒரு கேள்வி வருவது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

#4 பொடிநடை

தம்பி, நிற்க வைத்து யாரும் பார்த்ததில்லை. காலையில் எழுந்ததும் கொஞ்சம் கிறுகிறுவென்று இருக்கும், அது எல்லோருக்கும் இருப்பதுதானே என்று விட்டுவிட்டேன். அடுத்த முறை கேட்கிறேன். ஓட்டை இன்னும் மாற்றவில்லை.

#5 சுண்டைக்காய்

எங்கள் மாமியார் கதையைச் சொன்னால் சிலருக்கு உதவும். அவருக்கு 71 வயதில் தலைசுற்றல். பக்கத்து டவுனில் ஒரு டாக்டர் சின்னரிசின் மாத்திரை எழுதினார். சுற்றல் நின்றது. நின்றதால் மாத்திரையை நிறுத்தவில்லை! மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்கிக்கொண்டே இருந்தோம். கொஞ்ச நாளில் நடை மெதுவானது. கை ஆடியது. முகத்தில் சிரிப்பே இல்லை. மகன் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டோம். வேறொரு மருத்துவமனையில் பார்க்கின்சன் என்று சொல்லி அதற்கு மாத்திரை. அதைப் போட்டதும் மலச்சிக்கல், இரவில் சுவரில் பூச்சி போகிறது என்று அலறல். அதற்கு ஒரு தூக்க மாத்திரை. தூக்க மாத்திரை போட்ட வாரமே கட்டிலில் இருந்து இறங்கும்போது விழுந்தார். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை.

கடைசியில் ஒரு முதியோர் மருத்துவரிடம் போனோம். அவர் ஸ்கேன் எதுவும் கேட்கவில்லை. "வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள், நாட்டு மருந்து, தைலம், பக்கத்து வீட்டில் கொடுத்தது உட்பட" என்றார். மேசையில் கொட்டி, எது எப்போது தொடங்கியது என்று பின்னாலிருந்து முன்னால் கேட்டுக்கொண்டே போனார். ஆட்டமும் மெதுநடையும் முதல் மாத்திரையால் வந்திருக்கலாம் என்றார். ஒவ்வொன்றாக, மெதுவாகக் குறைத்தார். உடனே சரியாகவில்லை, மாதக்கணக்கில் ஆனது. ஆனால் இப்போது மாமியார் அம்மிணிக் கொழுக்கட்டை உருட்டுகிறார், என்னோடு சண்டையும் போடுகிறார்.

ஒரு மருந்தும் கூடுதலாக எழுதாமல், இருந்ததை எடுத்து நோயைக் குணமாக்கிய டாக்டரை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

#6 மாத்திரைடப்பா

மருந்தாளுநராக இருக்கிறேன். சுண்டைக்காய் அக்கா சொன்னது தினமும் கண்ணில் படும் விஷயம். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அடுத்த மருந்து, அதன் பக்கவிளைவுக்கு இன்னொன்று. சங்கிலியின் முதல் கண்ணியை யாரும் தேடுவதில்லை.

சின்னரிசினும் அதே வகை ஃப்ளூனரிசினும் மட்டுமில்லை. வயிற்றெரிச்சலுக்குத் தரும் சில கேப்சூல்களில் அமிலம் குறைக்கும் மருந்தோடு லெவோசல்பிரைடு சேர்ந்திருக்கும். அதை "கேஸ் மாத்திரை" என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். முதியவர்கள் அதை நீண்ட நாள் எடுத்தால் இதே மாதிரி கை நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் வரலாம். சளி, அரிப்புக்குக் கேட்டு வாங்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் குழப்பத்தையும், சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரலாம். சுகருக்குத் தரும் கிளிபென்கிளமைடு முதியவர்களுக்கு, அதுவும் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால், சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். ராத்திரி சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுப் படுத்த பெரியவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போனதுண்டு. மெட்ஃபார்மினைப் பல வருஷம் எடுப்பவர்களுக்கு பி12 குறையும். கால் மரத்துப்போவதும் மறதியும் அதனாலும் வரலாம். சுகரால்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைத் தொகுத்து 1991ல் அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் ஒரு பட்டியல் போட்டார். பியர்ஸ் பட்டியல் என்றே பெயர், இன்றும் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். என் கடையில் ஒரு பிரதி ஒட்டி வைத்திருக்கிறேன். அதைக் காட்டி டாக்டரிடம் திரும்பக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றால் பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். வியாபாரமும் போகிறது, மாத்திரையும் போகவில்லை.

#7 மட்டுறுத்துநர்

இழையில் மருந்துப் பெயர்கள் வருவதால் ஒரு குறிப்பு. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுப் பெரியவரின் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்த வேண்டாம். சிலவற்றைத் திடீரென்று நிறுத்துவது, போடுவதைவிட ஆபத்து. பையோடு டாக்டரிடம் போங்கள். தனிமடலில் டோஸ் கேட்பதும் கூடாது.

#8 கணக்குப்பிள்ளை

கதைகள் எல்லாம் சரி. நான் எண்ணிக்கையைப் பேசுகிறேன். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள், நாடு முழுக்க அது 8.6தான். அதன் பிறகு கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது. குழந்தை பிறப்பு குறைந்த மாநிலம் நம்முடையது. இவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு முக்கால் மணி நேரம் என்றால் ஸ்டெதஸ்கோப்பு சார் மாதிரி எத்தனை பேர் வேண்டும்? வருஷத்துக்குச் சில சீட்டுகளை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கு என்றைக்கும் தீராது.

காகிதத்தில் திட்டம் இருக்கிறது. தேசிய முதியோர் நலத் திட்டம் 2010ல் தொடங்கியது. மாவட்ட மருத்துவமனையில் 10 படுக்கை வார்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு முறை முதியோர் கிளினிக் என்று வழிகாட்டுதல். எங்கள் ஊர் பிஎச்சியில் அந்தக் கிளினிக் எந்தக் கிழமை என்று கேட்டால் அங்கிருப்பவர்களுக்கே தெரியவில்லை. கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கையுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறந்தார்கள், நல்லது. கட்டி முடித்ததும் முதலில் கொரோனா வார்டாக ஓடியது அதே கட்டடம்தான். சரி, பரமக்குடியில் இருக்கும் பாட்டி கிண்டிக்கு எப்படி வருவாள்?

என் வாதம் இதுதான்: ஸ்பெஷலிஸ்ட் வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர், பிசியோதெரபிஸ்ட், வலி தணிப்பு நர்ஸ், இவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் இன்று வீட்டு வாசலில் பிபி, சுகர் மாத்திரை தருகிறது. மாத்திரை கொடுக்கும் அதே கை, "போன மாசம் விழுந்தீங்களா பாட்டி?" என்று ஒரு கேள்வியும் கேட்டால் போதும்.

#9 ஸ்டெதஸ்கோப்பு

> கணக்குப்பிள்ளை எழுதியது: ஸ்பெஷலிஸ்ட் வேண்டாம். … இவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். எல்லா முதியவரையும் நாங்கள் பார்க்க முடியாது, பார்க்கத் தேவையும் இல்லை. ஆரோக்கியமாக நடமாடும் 65 வயதுக்காரருக்கு நான் எதற்கு? ஆனால் "சொல்லிக்கொடுங்கள்" என்கிறீர்களே, யார் சொல்லிக்கொடுப்பது? எம்பிபிஎஸ்ஸில் முதியோர் மருத்துவத்துக்குத் தனித் தேர்வு கிடையாது. பொது மருத்துவப் பாடத்துக்குள் ஒரு தலைப்பாக வருகிறது. குழந்தை மருத்துவத்துக்குத் தனிப் பேப்பர், தனி போஸ்டிங் எல்லாம் உண்டு. வெளியே வந்து பிராக்டிஸ் தொடங்கினால் ஓபியில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் நரைத்த தலை என்று எண்ணிப் பாருங்கள். படிப்புக்கும் கூட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இந்தத் துறை எப்படி வந்தது என்று பார்த்தாலும் இதுதான் தெரியும். 1935ல் இங்கிலாந்தில் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற டாக்டர் அம்மாவிடம், ஏழைகள் விடுதியோடு இருந்த வார்டுகளை ஒப்படைத்தார்கள். எழுநூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகள், பலர் வருஷக்கணக்கில் படுக்கையில். "இவர்களுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை" என்று எல்லோரும் கைவிட்டவர்கள். அவர் ஒவ்வொருவரையும் முறையாகப் பரிசோதித்தார், யாருக்கு என்ன என்று பிரித்தார், எழுப்பி உட்கார வைத்தார், நடக்கப் பழக்கினார். கணிசமானவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். புது மருந்து ஒன்றும் அப்போது வந்துவிடவில்லை. பார்க்கும் விதம் மாறியது, அவ்வளவுதான். அதைப் பிறகு மருத்துவ மாணவர்களுக்கும் கற்பிக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தார்.

வைகைக்கரை, உங்கள் அக்கா மகளிடம் சொல்லுங்கள்: வேலை இருக்கிறது, ஆனால் பாதி வேலை நோயாளியிடம், மீதிப் பாதி மற்ற டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும். அது பிடிக்குமா என்று யோசித்துக்கொள்ளட்டும்.

#10 நைட்டியூட்டி

நர்ஸ்களிடம் என்று சார் சொன்னதால் நானும் வருகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் வார்டில் இருக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்த தாத்தா இரண்டாம் நாள் ராத்திரி எழுந்து, "பஸ் வந்துடுச்சு, விடுங்க" என்று ஐவி லைனைப் பிடுங்குவார். சொந்தக்காரர்கள் பயந்துபோய் பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள். நாங்களும் சின்ன வயசில் என்ன செய்வோம்? கையைக் கட்டுவோம், ஊசி போடுவோம். கட்டக் கட்ட முரண்டு அதிகமாகும். இதற்கு டெலிரியம் என்று பெயர், வருவதற்கு முன்பே கணிசமாகத் தடுக்கலாம் என்று நர்சிங் படிப்பில் எனக்குச் சொன்னதாக ஞாபகமே இல்லை.

1999ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஷாரன் இனோயி என்ற மருத்துவர் ஓர் ஆய்வு வெளியிட்டார். 70 வயதுக்கு மேற்பட்ட உள்நோயாளிகள் 852 பேர். செய்தது என்ன தெரியுமா? கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். காதுக் கருவியை வைத்துவிட்டார்கள். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறீர்கள் என்று பேச்சுக்கொடுத்தார்கள். தண்ணீர் குடிக்கவைத்தார்கள், நடக்கவைத்தார்கள், ராத்திரி தூக்க மாத்திரைக்குப் பதில் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து முதுகைத் தடவிவிட்டார்கள். வழக்கமான வார்டில் 15 சதவீதம் பேருக்கு வந்த டெலிரியம் இங்கே 9.9 சதவீதம்தான்.

நம் வார்டில் என்ன நடக்கிறது? அட்மிஷன் போட்டதும் முதல் வேலையாகக் கண்ணாடியையும் பல்செட்டையும் காதுக் கருவியையும் "தொலைந்துவிடும்" என்று கழற்றி மகள் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறோம். பார்வையும் இல்லை, காதும் கேட்காது, மேலே டியூப்லைட் அணையவே அணையாது. அந்த இடத்தில் எனக்கும் குழப்பம் வரும்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் இப்போது ஊர் ஊராக இருக்கின்றன. வரும் பெண்கள் பலருக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. வெள்ளை கோட் மாட்டிவிட்டால் நர்ஸ் என்று வீட்டில் நம்புகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் போட வேண்டும், மல்லாக்கப் படுக்கவைத்து வாயில் கஞ்சி ஊற்றக் கூடாது, நடக்க முடிகிறவருக்கு வசதிக்காக டயப்பர் மாட்டினால் கொஞ்ச நாளில் நடையே போய்விடும். இந்த மூன்றையும் ஒரு மதியத்தில் சொல்லிக்கொடுக்கலாம். யாரும் சொல்வதில்லை. அந்தப் பெண்களைக் குறை சொல்லவில்லை. பன்னிரண்டு மணி நேரம் ஒரே அறையில், சம்பளத்தில் ஏஜென்சிக்குப் பங்கு. அவர்களுக்குக் கோபம் வந்தால் அது யார் மேல் இறங்கும் என்பதையும் யோசியுங்கள்.

#11 சுண்டைக்காய்

சிஸ்டர், டயப்பர் விஷயம் நூற்றுக்கு நூறு. எங்கள் எதிர்வீட்டில் அதுதான் நடந்தது.

#12 தசைநார்

பிசியோ சார்பில் ஆஜர். முதியவர்களுக்கு இந்த ஊரில் அதிகம் எழுதப்படும் மருந்து "ரெஸ்ட் எடுங்க". என்னைக் கேட்டால் அதிகம் கெடுப்பதும் அதுதான். படுத்தே கிடந்தால் முதியவரின் தொடைத் தசை சில நாளிலேயே கரையத் தொடங்கும், திரும்பச் சேர்க்க மாதங்கள் ஆகும்.

அமெரிக்காவில் லைஃப் என்று ஓர் ஆய்வு, 2014ல் முடிவு வந்தது. 70 முதல் 89 வயது வரை, உடலசைவு குறைவான 1,635 பேர். ஒரு பாதிக்கு நடை, கால் பலப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி. மறுபாதிக்கு ஆரோக்கிய வகுப்புகள். சராசரியாக இரண்டரை வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். 400 மீட்டர் நடக்க முடியாமல் போனவர்கள் வகுப்புக் குழுவில் 35.5 சதவீதம், பயிற்சிக் குழுவில் 30.1. பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். 400 மீட்டர் என்றால் பல தெருக்களில் கோயிலுக்குப் போய்வரும் தூரம். அந்தத் தூரம் நடக்கிறவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் வாழ்க்கை ஒன்றா?

வீட்டிலேயே பார்க்கலாம். நாற்காலியில் இருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு யாரிடமாவது காட்டுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும், சோதனையிலேயே விழுந்து வைக்கப் போகிறார்கள்.

நடைப்பயிற்சி போகிறேன், போதும் என்பார்கள். நடை நல்லது, ஆனால் விழாமல் இருக்கக் கால் பலமும் சமநிலையும் வேண்டும். நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சமையல்மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, ஒரு காலில் நிற்பது. இதற்கு ஜிம் தேவையில்லை. சாப்பாட்டில் புரதம் இல்லாமல் இதைச் செய்தும் பலன் குறைவு. நம் பாட்டிகள் ராத்திரிக்கு இரண்டு இட்லியோ, ரசம் சாதமோ சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார்கள். பல் இல்லாததால் பயறும் முட்டையும் போய்விடுகின்றன. பல் டாக்டரையும் இந்த அணியில் சேர்க்க வேண்டும் என்பேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

#13 பொடிநடை

நின்றபடி பிபி பார்க்கச் சொல்லிக் கேட்டேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் பார்த்தார். படுத்தாலும் நின்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக ஸ்டெதஸ்கோப்பு தம்பியின் ஊகம் என் விஷயத்தில் பலிக்கவில்லை. கிறுகிறுப்பு அப்படியே இருக்கிறது. காதில் ஏதோ இருக்கலாம் என்று இஎன்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஐந்தாவது டாக்டர்!

#14 ஸ்டெதஸ்கோப்பு

நாலாவதுதான் ஐயா, என்னிடம் நீங்கள் இன்னும் ஃபீஸ் கட்டவில்லை. படுக்கையில் புரளும்போதும், அண்ணாந்து பரணைப் பார்க்கும்போதும் சுற்றுகிறதா என்று இஎன்டியிடம் சொல்லுங்கள். காதுக்குள் சின்னத் துகள் இடம் மாறினாலும் அப்படி வரும், தலையைச் சில கோணங்களில் திருப்பியே சரிசெய்வார்கள். போகிற போக்கில் காது கேட்கும் சோதனையும் செய்துகொள்ளுங்கள்.

#15 எறும்புப்புற்று

பொது சுகாதார ஆய்வில் இருப்பவள். ஆராய்ச்சி பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை என்பதால் சில வார்த்தை.

முதியவர்களுக்கு எழுதும் மருந்துகளில் பலவற்றை இளையவர்களிடம்தான் சோதித்திருக்கிறார்கள். பல ஆய்வுகளில் 75க்கு மேல் வேண்டாம், வேறு நோய் இருந்தால் வேண்டாம் என்று கதவிலேயே நிறுத்திவிடுவார்கள். மருந்து அதிகம் விழுங்கப் போவது அவர்கள்தான். 80 தாண்டியவருக்கு பிபியைக் குறைப்பது நல்லதா கெட்டதா என்றே நீண்ட காலம் சந்தேகம் இருந்தது. 80 வயதுக்கு மேற்பட்ட 3,845 பேரை வைத்து ஹைவெட் என்ற ஆய்வு நடத்தினார்கள். 2008ல் முடிவு வந்தது, மருந்து எடுத்தவர்களில் இறப்பு குறைந்தது. "இந்த வயசுக்கு மேல எதுக்கு வைத்தியம்" என்பதற்கு அது ஒரு பதில்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்ப்ரீ என்ற ஆய்வில் 19,114 பேர், பெரும்பாலும் 70க்கு மேல், இதய நோய் எதுவும் இல்லாதவர்கள். தினமும் சின்ன ஆஸ்பிரின் கொடுத்தால் ஊனமும் மறதி நோயும் இல்லாமல் அதிக நாள் வாழ்வார்களா என்று பார்த்தார்கள். 2018ல் வந்த பதில்: இல்லை, ரத்தக்கசிவுதான் அதிகமானது. ஏற்கெனவே ஹார்ட் அட்டாக் வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் இது பொருந்தாது, அவர்கள் மாத்திரையைத் தொடக்கூடாது. "எதுக்கும் ஒண்ணு போட்டுக்கலாம்" என்று தாங்களாகவே போடுபவர்களுக்குச் சொல்கிறேன்.

நம் நாட்டு விவரமும் இப்போது கொஞ்சம் இருக்கிறது. லாசி என்ற கணக்கெடுப்பின் முதல் சுற்று 2017-18ல், 45 வயதுக்கு மேற்பட்ட 72,000க்கும் அதிகமானவர்களிடம். அதிலிருந்து ஒரு பகுதியினரை மறதி நோய்க்காக விரிவாகச் சோதித்தார்கள். 60க்கு மேல் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்று கணக்கு வந்தது. பெண்களுக்கு அதிகம், கிராமத்தில் அதிகம், படிப்பு கிடைக்காதவர்களுக்கு அதிகம். பெண்ணை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய அந்தக் காலத்து முடிவின் விலையை அறுபது வருஷம் கழித்து அந்தப் பெண்ணே கட்டுகிறாள் என்று எனக்குத் தோன்றும். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு டிமென்ஷியாவுக்கு 2024ல் சொன்ன 14 காரணங்களில் சிறுவயதுப் படிப்பின்மையும் ஒன்று, காது கேளாமையும் ஒன்று. அந்தப் பதினான்கையும் சரிசெய்தால் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் மதிப்பீடு.

#16 கணக்குப்பிள்ளை

காதுக் கருவி விலை தெரியுமா அம்மா? வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியவர்களுக்குக் கைத்தடி, கண்ணாடி, பல்செட், காதுக் கருவி தரும் வயோஸ்ரீ திட்டம் 2017ல் இருந்து இருக்கிறது. முகாம் போட்டுக் கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். மூணு மாசத்தில் பேட்டரி தீரும். புது பேட்டரி எங்கே, சத்தம் கீச்சென்றால் யாரிடம் காட்டுவது என்று சொல்ல ஆளில்லை. கருவி அலமாரிக்குப் போகும். என் தெருவில் மட்டும் இரண்டு அலமாரி காட்ட முடியும்.

#17 எறும்புப்புற்று

அதை மறுக்க மாட்டேன். கொடுப்பதற்குத் தலைப்பு உண்டு, பழக்கிவிடுவதற்குப் பட்ஜெட்டில் வரி இல்லை. காதுக் கருவி பழக வாரங்கள் ஆகும், அதற்கு ஆள் போட வேண்டும். நீங்கள் சொல்லும் அந்தத் தன்னார்வலரே செய்யலாமே?

#18 வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. இழையை அப்படியே அக்கா மகளுக்கு அனுப்பினேன். சுண்டைக்காய் அக்காவின் பதிவை அத்தானுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தன் அம்மாவின் மாத்திரைகளைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறாராம். சீட் விஷயத்தில் இன்னும் பிடி தளரவில்லை. "கார்டியாலஜிக்குப் போகிற வழியா இது?" என்று கேட்கிறார்.

அவள் கேட்கச் சொன்னது ஒன்றுதான். எந்தக் கல்லூரியில் எடுத்தால் கற்றுக்கொள்ள முடியும்? பெயர் வேண்டாம், எதைப் பார்த்து முடிவு செய்வது என்று சொன்னால் போதும்.

#19 ஸ்டெதஸ்கோப்பு

கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். ஏற்கெனவே அங்கே படிக்கும் பிஜிக்களிடம் பேசச் சொல்லுங்கள். முதல் கேள்வி: ஆர்த்தோ வார்டில் இடுப்பு எலும்பு முறிந்து வரும் முதியவர்களை ஜெரியாட்ரிக்ஸ் துறையும் முதல் நாளில் இருந்தே சேர்ந்து பார்க்கிறதா, அல்லது குழப்பம் வந்த பிறகு "ஒப்பீனியன்" கேட்டுச் சீட்டு அனுப்புகிறார்களா? சேர்ந்து பார்க்கிற இடமாக இருந்தால் அந்த மூன்று வருஷம் வீணாகாது. இரண்டாவது, பிசியோவும் சமூகப் பணியாளரும் துறைக்கென்று இருக்கிறார்களா, ரவுண்ட்ஸில் கூட வருகிறார்களா. மூன்றாவது, மறதி கிளினிக் தனியாக நடக்கிறதா. வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் ஏற்பாடு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பெரியவர் ஓபியில் சொல்வது ஒன்று, அவர் வீட்டு பாத்ரூம் படி சொல்வது இன்னொன்று.

கார்டியாலஜி மேல்தான் மனசு என்றால் இதை எடுக்க வேண்டாம். வருமானமும் அந்த அளவுக்கு வராது, அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. தனியார் மருத்துவமனைகளில் இந்தத் துறைக்கு இடம் மெதுவாகத்தான் உருவாகிறது, ஏனென்றால் மாத்திரையைக் குறைக்கிற, ஸ்கேன் வேண்டாம் என்கிற டாக்டரால் பில் ஏறாது.

#20 நைட்டியூட்டி

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த வார்டுக்குள் போகச் சொல்லுங்கள். எத்தனை தாத்தா பாட்டிகள் கட்டிலை விட்டு இறங்கி உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை பேர் முகத்தில் கண்ணாடி இருக்கிறது என்று பார்க்கட்டும். டூட்டி சிஸ்டரிடம் இரண்டு நிமிஷம் பேசட்டும். டாக்டர் பெண் என்று சொல்ல வேண்டாம், சொந்தக்காரர் மாதிரி போனால்தான் உள்ளது உள்ளபடி சொல்வார்கள்.